சுருட்டை முடியை ஈரத்திலேயே கவனியுங்கள்

"பராமரிக்கவே முடியவில்லை, நேராக்கிவிடுங்கள்" என்று சலூனுக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, தலை சீவுவது ஈரத்திலா, காய்ந்த பிறகா என்பதைத்தான். பெரும்பாலும் காய்ந்த பிறகுதான் சீவுகிறார்கள். பரட்டை என்று பெயர் வாங்கிய பல தலைகளில் இருப்பது நல்ல அலைமுடி. அதை நேர்முடிபோல் நடத்துவதுதான் சிக்கல்.

வளைந்த மயிர்க்காலிலிருந்து வளைந்த முடிதான் வளரும். தலையில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் எளிதாக நுனிவரை இறங்கும். சுருட்டை முடியில் அத்தனை வளைவுகளைத் தாண்டி இறங்காது. அதனால்தான் வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒன்றாக இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. முடியின் கெரட்டின் புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுப்போகும், காயும்போது மறுபடி சேரும். காயும் நேரத்தில் முடி எப்படி இருக்கிறதோ அந்த வடிவம் அப்படியே தங்கிவிடும். காய்ந்தபின் சீப்பை இழுத்தால் சுருள் கலைந்து, இழை இழையாகப் பிரிந்து உப்பிக்கொள்ளும்.

ஆகவே வேலை எல்லாம் குளியலறையிலேயே முடிய வேண்டும். ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும் போதும். கண்டிஷனரை நடுமுடியிலிருந்து நுனிவரை தாராளமாகத் தடவி, அது முடியில் இருக்கும்போதே பல் அகன்ற சீப்பால் சிக்கெடுங்கள். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். ஈரமுடி சுலபமாக இழுபட்டு அறுந்துவிடும், அந்த வழவழப்பு இல்லாமல் சீப்பு வைக்காதீர்கள். அலசிவிட்டு, தண்ணீர் சொட்டும்போதே ஜெல்லைப் பூசி, நுனியிலிருந்து வேர் நோக்கிக் கையால் கசக்கி விடுங்கள். துண்டால் தேய்க்க வேண்டாம். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள். அப்புறம் முழுதாகக் காயும்வரை தொடவே கூடாது. டிரையர் வேண்டுமென்றால், காற்றைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் என்ற முனையை மாட்டிக் குறைந்த சூட்டில் வையுங்கள்.

காய்ந்ததும் ஜெல்லால் முடி விறைப்பாக நிற்கும். இந்த இடத்தில் பலர் பயந்து, திரும்பத் தலையை அலசிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கைகளால் மெதுவாகக் கசக்கினால் விறைப்பு போய்விடும், சுருள் நிற்கும். மெல்லிய அலைமுடிக்கு எண்ணெயும் கனமான கிரீமும் ஒத்துவராது, முடி படிந்துவிடும். லேசான ஜெல்லே சரி.

முடி வெட்டப் போனால், காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லிக் கேளுங்கள். ஈரத்தில் நீண்டு தெரியும் சுருள் காய்ந்ததும் சுருங்கி, நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும்.

நேராக்கும் சிகிச்சைகளைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். அவற்றில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு என்ற நெடியுள்ள வேதிப்பொருள் இருக்கிறது, அல்லது முடியை நேராக்கும் சூடான கருவி பட்டதும் வெளியாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. மெத்திலீன் கிளைக்கால் என்று லேபிளில் போட்டிருந்தாலும் அது தண்ணீரோடு சேர்ந்த ஃபார்மால்டிஹைடுதான். கிளையாக்சிலிக் அமிலம் என்ற வேதிப்பொருள் கலந்த நேராக்கும் கிரீமைப் பயன்படுத்தியபின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்திருக்கின்றன. புட்டியைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கண் எரிந்தாலோ தொண்டை கரகரத்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பவர் சலூன் ஊழியர் என்பதும் எனக்குப் பெரிய கவலை. இவ்வளவு செய்தாலும் வேரிலிருந்து வரும் புது முடி சுருட்டையாகத்தான் வரும். நிரந்தரமாக நேராக்கிய முடியும் புது முடியும் சேரும் இடத்தில்தான் அடிக்கடி முறிகிறது.

குழந்தைகளின் சுருட்டை முடியை அடக்குவதற்காக இறுக்கிப் பின்னிவிடுவதையும் நிறுத்த வேண்டும். தினமும் இழுபடும் நெற்றியோர முடி கொட்டத் தொடங்கும். நெடுநாள் நீடித்தால் அங்கே திரும்ப முளைக்காமலே போகலாம். காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, துளி கண்டிஷனர் தடவி, விரலால் கோதித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நெற்றியோரம் ஏற்கெனவே மெலிந்திருந்தால் தோல் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.