வால்யூமைக் கூட்டினாலும் அடங்கியே ஒலிக்கும் டிரம்பெட்

ராத்திரி பத்தரை மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘மாரே நோஸ்த்ரும்’ கேட்பது எனக்கு வழக்கம். 2007ல் வந்த ஜாஸ் இசைத்தொகுப்பு. சார்டினியத் தீவுக்காரர் பாவ்லோ ஃப்ரேசு டிரம்பெட், பிரான்ஸின் ரிஷார் காலியானோ அக்கார்டியன், ஸ்வீடனின் யான் லுண்ட்கிரேன் பியானோ. மூன்றே பேர்தான், டிரம்ஸ் கிடையாது. ஒரு இடத்தில் டிரம்பெட் ரொம்ப அடங்கிப் போனது. வால்யூமைக் கூட்டினேன். சத்தம் கூடியதே தவிர, ஃப்ரேசு பலமாக ஊதுவதுபோல் ஆகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதே மெதுவோடு ஊதுகிறார், அவ்வளவுதான்.

தலைகீழாகவும் இது நடக்கும். கல்யாண ஊர்வலத்துப் பேண்டு செட் நாலு தெரு தள்ளிப் போகும்போது காதுக்கு வருவது மெல்லிய சத்தம்தான். ஆனாலும் அங்கே ஒருவர் கன்னம் உப்பி, முழு மூச்சில் ஊதுகிறார் என்று தெரிந்துவிடுகிறது. அப்படியானால் ‘மெதுவாக வாசிப்பது’ என்ற செய்தி ஒலியின் அளவில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்று முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் ஜான் கிளாட் ரிஸே. 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணினியை வைத்து டிரம்பெட் ஒலியை உருவாக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சுரத்திலும் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். 440 ஹெர்ட்ஸ் என்றால் கூடவே 880, 1320, 1760 என்று மேற்சுரங்கள் போகும். இவற்றை ஒரு நிலையான விகிதத்தில் கலந்தால் டிரம்பெட் கிடைத்துவிடும் என்பது அதுவரை பாடப்புத்தகங்கள் சொன்ன பழைய நம்பிக்கை. அப்படிக் கலந்தால் கிடைப்பது ஏதோ ஒரு ஊதல், டிரம்பெட் அல்ல. உண்மையான டிரம்பெட்டில் அந்த விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று ரிஸே கண்டார். ஒலி வலுக்க வலுக்க மேல் மடங்குகள் அதைவிட வேகமாக வலுக்கின்றன. அடங்கும்போது அவைதான் முதலில் காணாமல் போகின்றன. இந்த ஒரு விதியைக் கணினிக்குக் கொடுத்ததும் அது டிரம்பெட் ஆகிவிட்டது.

வால்யூம் பொத்தான் எல்லா மடங்குகளையும் ஒரே அளவில் தூக்குகிறது. விகிதத்தை அதனால் தொட முடியாது. என் ஹெட்போனில் நடந்தது இதுதான்.

சரி, வலுக்கும்போது மேற்சுரம் ஏன் பெருக வேண்டும்? நாதஸ்வரத்தில் சீவாளி செய்யும் வேலையை டிரம்பெட்டில் வாசிப்பவரின் உதடுகள் செய்கின்றன. மூச்சு அவற்றைத் திறக்கிறது, அவை மூடிக்கொள்கின்றன, மறுபடி திறக்கின்றன. மெதுவாக ஊதும்போது இந்தத் திறப்பும் மூடலும் வழவழப்பாக நடக்கும், பலமாக ஊதினால் வெடுக்கென்று நடக்கும். வித்தியாசத்தில் ஒரு பகுதி இங்கேயே வந்துவிடுகிறது. மீதி நடப்பது குழாய்க்குள்.

சாதாரணப் பேச்சில் ஒலி அழுத்தம் 0.02 பாஸ்கல் அளவுதான். பலமாக ஊதும் டிரம்பெட்டின் ஊதுவாய்க்குள் அது சில ஆயிரம் பாஸ்கல். இவ்வளவு பெரிய அலை இயல்பாக நடந்துகொள்ளாது. அலையின் அழுத்தம் மிகுந்த முகடு, பள்ளத்தைவிடச் சற்று சூடானது, சற்று வேகமானது. குழாயில் போகப் போக முகடு முன்னே இருக்கும் பள்ளத்தை எட்டிப் பிடிக்கிறது. கரைக்கு வரும் கடலலை உடைவதற்கு முன் முன்பக்கம் செங்குத்தாக நிமிர்கிறதே, அந்த மாதிரி. அலையின் முகப்பு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவுக்கு மேற்சுரங்கள். பித்தளை வாத்தியங்களின் ‘பளீர்’ இப்படித்தான் பிறக்கிறது. டிராம்போன் என்ற பித்தளை வாத்தியத்தைப் பலமாக ஊதினால் இது அதிர்ச்சி அலையாகவே மாறிவிடுகிறது என்று 1996ல் ஆய்வாளர் ஹிர்ஷ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் அளந்து காட்டினார்கள். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தோடு சேர்த்துப் பேசுகிற அதே அதிர்ச்சி அலைதான். பித்தளைக்கு இதில் பெரிய பங்கு இல்லை என்பது வேடிக்கை. நாம் ‘பித்தளைச் சத்தம்’ என்று சொல்வது பெரும்பாலும் காற்றின் குணம்.

இதெல்லாம் நடக்க இரண்டு வேண்டும். ஒன்று வலு, இன்னொன்று நீளமான, ஒரே அகலமுள்ள குழாய். மெதுவாக ஊதினால் முதலாவது போய்விடுகிறது. இரண்டாவதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளூகல்ஹார்ன் என்ற வாத்தியம் இருக்கிறது. ஃப்ரேசு அதையும் வாசிப்பவர். டிரம்பெட்டுக்கும் அதற்கும் குழாய் நீளம் ஏறக்குறைய ஒன்றே, ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஃப்ளூகல்ஹார்ன் குழாய் பெரும்பாலும் கூம்பாக விரிந்துகொண்டே போகிறது. விரியும் குழாயில் அலை சீக்கிரமே மெலிந்துவிடுவதால் முகடு பள்ளத்தை எட்டிப் பிடிக்க வழியில்லை. மெத்தென்ற ஒலி.

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1950களில் பிடித்த வழி வேறு. அவர் டிரம்பெட்டின் விரிந்த முனையில் ஹார்மன் மியூட் என்ற அலுமினிய அடைப்பானைச் செருகி, அதன் நடுக்குழலைக் கழற்றிவிட்டு, மைக்கை ஒட்டி வாசித்தார். அடைப்பானைச் சுற்றி ஓரம் முழுக்கக் கார்க்கு இருப்பதால் எல்லா ஒலியும் அதற்குள் இருக்கும் சின்ன அறை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அறை தாழ்ந்த பகுதியைத் தடுத்துவிடுகிறது. கிடைப்பது மெத்தென்ற ஒலி அல்ல, மெல்லிய கம்பிபோல் ஒன்று. அதுவும் அடக்கமாகத்தான் கேட்கிறது, ஆனால் இது வேறு அடக்கம்.

அப்புறம் அக்கார்டியன். இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். நம் சுருதிப்பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் அக்கார்டியனுக்குள்ளும். ஒரு சட்டத்தில் பிளவு, அதன்மேல் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய உலோக நாக்கு. துருத்தியின் காற்று பிளவு வழியே போகும்போது நாக்கு உள்ளேயும் வெளியேயும் ஆடி, காற்றைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளின் வரிசைதான் ஒலி. வியன்னாவில் சிரில் டெமியன் 1829ல் ‘அக்கார்டியன்’ என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். ஹார்மோனியத்துக்குப் பாரிஸில் காப்புரிமை 1842ல். இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்.

டிரம்பெட்டில் உதடு தன் இஷ்டத்துக்கு ஆட முடியாது. அது அனுப்பும் அலை குழாயின் மறுமுனையில் பட்டுத் திரும்பி வந்து, ‘இந்த வேகத்தில் ஆடு’ என்று கட்டளை இடுகிறது. போய்த் திரும்ப 8, 9 மில்லிசெகண்ட் ஆகும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் அதற்குள் உதடு மூன்று நான்கு முறை ஆடி முடித்திருக்கும், குழாயின் துணை இல்லாமலே. மெதுவாக எடுக்கும் சுரம் ‘ஃப்பூ’ என்று கொஞ்சம் தயங்கித் தொடங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. அக்கார்டியன் நாக்குக்கு அந்த மாதிரி எஜமானன் கிடையாது. அதன் எடையும் விறைப்புமே சுருதியைத் தீர்மானிக்கின்றன. சுருதியை ஏற்ற வேண்டுமானால் நாக்கின் நுனியை லேசாகச் சுரண்டுவார்கள், இறக்க அடிப்பக்கத்தை. துருத்தியை எவ்வளவு அழுத்தினாலும் சுருதி பெரிதாக நகராது. கமகம் வராது என்ற இந்தக் குறையையும் காரணமாகச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940லிருந்து 1971 வரை ஹார்மோனியத்தை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. ஜாஸ் கூட்டணியிலோ அதுவே வசதி. அக்கார்டியன் தரைபோல அசையாமல் நிற்க, டிரம்பெட் அதன்மேல் வழுக்குகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஒலித்தாலும் காது குழம்பாமல் இருக்க இந்த அசைவு உதவுகிறது. சேர்ந்து அசையும் மேற்சுரங்களைக் காது ஒரே ஆளுடையது என்று கட்டிவைத்துவிடும்.

நாக்கின் ஒலி இயல்பில் மேற்சுரம் மண்டியது, பச்சையாக விட்டால் காதைக் குத்தும். இதற்கு இத்தாலிய அக்கார்டியன் பட்டறைகள் பயன்படுத்தும் தந்திரம் கசோட்டோ. சில நாக்கு வரிசைகளை நேராக வெளியே பார்க்க விடாமல், பெட்டிக்குள் ஒரு குறுகிய மர அறையை நோக்கித் திருப்பி வைக்கிறார்கள். ஒலி மரத்தில் மோதித் திரும்பி வருவதற்குள் கூர்மை பாதி போய்விடும்.

பாரிஸ் நடன அரங்குகளின் பழைய ‘முசெட்’ பாணிக்கு இது பிடிக்காது. அங்கே ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று நாக்குகளை வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி சேர்ப்பார்கள். ஒன்று 440, மற்றது 443 என்றால் நொடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். பள்ளிக்கூடத்தில் ‘விம்மல்’ என்று படித்தோமே, அது. தம்புராவின் இரண்டு தந்திகளைச் சேர்க்கும்போது எதைக் கேட்டு ஒழிக்கப் பார்ப்போமோ அதை இவர்கள் காசு கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஜாஸ்காரர்கள் பலர் அதைக் குறைத்துக்கொள்வார்கள். விம்மல் குறைந்தால் ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் சுரங்கள் சுத்தமாகக் கேட்கும், பக்கத்தில் டிரம்பெட்டுக்கு இடமும் கிடைக்கும்.

டிரம்ஸ் இல்லாததைப் பற்றி முதலில் சொன்னேன். டிரம்ஸோடு வரும் சிம்பல் தட்டின் ஒலி சில ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து மேலே பரவிக் கிடக்கும், அங்கிருக்கும் சின்னச் சத்தங்களை மூடிவிடும். மூச்சு, பொத்தான் தட்டும் ஓசை, துருத்தியின் மடிப்பு உரசல் எல்லாம் அந்தப் பகுதியில்தான் வாழ்கின்றன. சிம்பல் போனதும் அவை வெளியே வருகின்றன. மேற்சுரம் உதிர்ந்த டிரம்பெட், அதன்மேல் ஒரு மூச்சுச் சத்தம், இரண்டையும் சேர்த்துக் காது ‘ஒரு கை தூரத்தில் யாரோ’ என்று கணக்குப் போடுகிறது.

அக்கார்டியனின் இடது ஓரத்தில் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எந்த நாக்கும் ஆடாமல் காற்று மட்டும் போகும், துருத்தியை மூடி வைப்பதற்காக. டிரம்பெட்டிலும் சுரம் அடங்கி அடங்கி, ஒரு கட்டத்தில் உதடு ஆடுவதை நிறுத்திவிட, காற்று மட்டும் குழாயில் ஓடும். இந்த இரண்டு காற்றையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டால் எது பித்தளை வழியாக வந்தது, எது துருத்தியிலிருந்து வந்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரிவதில்லை.