பைரொப்டோசிஸ்: அழற்சாவு

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டுக் கொழும்பு மருத்துவ பீடத்தில் ஆங்கில விரிவுரைக்குப் போய் அமரும் மாணவருக்குக் கலம், மென்சவ்வு, நொதியம், தின்குழியம் எல்லாம் கைவசம் உண்டு. தொற்றுப் பாடத்தில், கிருமி புகுந்த கலம் அழற்சியை மூட்டி வெடித்துச் சாகும் 'பைரொப்டோசிஸ்' வரும்போதுதான் தமிழ்ச்சொல் இல்லாத தடுமாற்றம். பழைய கலைச்சொற்றொகுதிகளைப் புரட்டிப் பயனில்லை. மூலச்சொல்லே 2001இல்தான் பிறந்தது.

அதை உருவாக்கியவர்கள் பிரட் குக்சன், மோலி பிரெனன் ஆகிய இருவர். சல்மனெல்லா பற்றீரியா தொற்றிய தின்குழியம் சாகும் விதம், அப்பொப்டோசிஸ் என்ற அமைதியான கலச்சாவு அல்ல என்று பிரித்துக்காட்ட அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கிரேக்கத்தில் 'பைர்' என்றால் நெருப்பு, 'ப்டோசிஸ்' என்றால் விழுதல். கண் சிகிச்சைப் பிரிவில் மேலிமை தொங்குவதை 'டோசிஸ்' என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். அப்பொப்டோசிஸ் 1972இல் வந்தது. அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மக் எடுத்துக்கொடுத்த அந்தச் சொல்லுக்கு இலையும் இதழும் உதிர்வது என்று பொருள். சுருங்கி, துண்டுகளாகி, அயற்கலங்களால் ஓசைப்படாமல் விழுங்கப்படும் கலத்துக்கு 'கல உதிர்வு' அச்சாகப் பொருந்துகிறது.

அதே அச்சில் பைரொப்டோசிஸை 'அழலுதிர்வு' என்று வார்த்தால் பிழையாகிவிடும். இங்கே கலம் உதிர்வதில்லை, ஊதி வெடிக்கிறது.

நடப்பது இதுதான். கிராம் எதிர் பற்றீரியா ஒன்று கலத்தின் குழியவுருவுக்குள் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளிச்சவ்வில் உள்ள 'லிப்பிட் ஏ' என்ற கொழுப்புப் பகுதியைக் கஸ்பேஸ்-4 என்ற நொதியம் நேரடியாகவே பற்றிக்கொள்ளும். 2014இல் தெரியவந்த செய்தி இது. விழித்த நொதியம் காஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்டுகிறது. அந்தப் புரதத்தில் 484 அமினோ அமிலங்கள். வெட்டு விழுவது 275ஆவதை அடுத்து. முன்துண்டுகள் முப்பதளவில் கலமென்சவ்வில் வளையமாகக் கூடி, ஏறத்தாழ 20 நனோமீற்றர் அகலத் துளையைப் போடுகின்றன. இன்டர்லூக்கின்-1 பீற்றா போன்ற சிறிய புரதங்கள் அதன் வழியே வெளியேறி அழற்சியை மூட்டுகின்றன. நீர் உள்ளே பாய்ந்து கலம் வீங்குகிறது. கடைசியில் மென்சவ்வு கிழிவது வெறும் நீர்ப்பெருக்கால் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். நின்ஜுரின்-1 என்ற புரதமே அதைக் கிழிக்கிறது என்று 2021இல் தெரிந்தது. கலம் தன் சாவைக் கடைசிப் படிவரை தானே நடத்துகிறது.

இதனால் கிருமி மறைவிடத்தை இழக்கிறது. அழைப்புக் கிடைத்து வந்த வெண்குழியங்களிடம் மாட்டுகிறது. அளவு மீறினால் அதே அழற்சி, உடலெங்கும் பரவி உறுப்புகளைக் கெடுக்கும் செப்சிஸாகிக் குருதியமுக்கத்தைச் சரித்துவிடும்.

மருந்துக்கு மசியாத கிருமியையும் கலம் அதன் கூறுகளாலோ செயலாலோதான் அறிகிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற மருந்துக்கு மசியாத ஸ்ரபிலோகொக்கஸ் கிருமியை, பெனிசிலின் வகை மருந்தான மெதிசிலினிலிருந்து காப்பது மெக்-ஏ மரபணு தரும் மாற்றுப் புரதம். மெதிசிலின் அதைச் சரிவரப் பற்றாததால் கிருமி சுவர் கட்டும் வேலை நிற்பதில்லை. மனிதக் கலத்துக்கோ அந்த மரபணு கணக்கிலேயே இல்லை. கிருமி உமிழும் அல்பா நச்சு மென்சவ்வைத் துளைக்க, பொற்றாசியம் வெளியே வழிகிறது. அந்த இழப்பே என்.எல்.ஆர்.பி.-3 என்ற உணரியையும் அதன்வழி, காஸ்டெர்மின் டி-யை வெட்டும் இன்னொரு நொதியமான கஸ்பேஸ்-1ஐயும் எழுப்புகிறது. இந்தக் கிருமிக்குத் தரும் வன்கோமைசின் மருந்து கலத்துக்குள் எளிதில் நுழையாது என்பதால், உள்ளே ஒளிந்த கிருமிக்குக் கலமே அரணாகிறது. அரண் வெடித்தால் கிருமி மருந்தின் கைக்கெட்டும்.

கிராம் எதிர்க் கிருமிகளுக்கான கொலிஸ்டின் மருந்தின் கதை வேறு. 2015இல் அறிவிக்கப்பட்ட எம்.சி.ஆர்.-1 மரபணு, லிப்பிட் ஏ-யோடு பொஸ்போஎதனோலமைனை ஒட்டவைத்துக் கொலிஸ்டின் பற்றாதபடி செய்கிறது. கஸ்பேஸ்-4 தடவிப் பார்ப்பதும் அதே லிப்பிட் ஏ என்பது கவனிக்க வேண்டியது.

வாட்டில் 'மருந்து உடம்புக்குப் பழகிட்டுது' என்று அடிக்கடி காதில் விழும். பழகியது உடம்பல்ல, கிருமி. 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்லை மனிதனுக்கும் கிருமிக்கும் மாறிமாறிப் போடுவதும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. கிருமிக்கு 'மருந்தெதிர்ப்பு' என்றே எழுதலாம்.

ஆய்வுகூடத்தில் மருந்தெதிர்ப்பு இன்னொரு இடத்திலும் காலை வாரும். அழற்சாவைப் பார்க்க, கலங்களோடு கிருமியைச் சேர்த்து 30 முதல் 60 நிமிடம் விட்டு, வெளியே மிஞ்சியவற்றைக் கொல்ல ஜென்டமைசின் மருந்தை மில்லிலீற்றருக்கு 50 முதல் 100 மைக்கிரோகிராம் அளவில் இடுவது வழக்கம். கிருமி ஜென்டமைசினுக்கும் மசியாததாக இருந்தால் வெளியே உள்ளவை சாகா. கலம் தாங்காமல் வெடித்ததா, வளர்ப்பூடகத்தில் பெருகிய கிருமிகளே கலத்தைத் தின்றனவா என்று பிரிக்க முடியாது. முதலில் கிருமிக்கு எந்த மருந்து எந்த அளவில் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்ரபிலோகொக்கஸ் என்றால் அதன் சுவரைக் கரைக்கும் லைசோஸ்டபின் நொதியத்துக்கு மாறலாம். ஊடகத்தில் வழக்கமாகப் போடும் பெனிசிலின்–ஸ்ரெப்ரோமைசின் கலவையையும் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும்.

வெடிப்பை அளக்க, கலத்துக்குள்ளிருந்து ஊடகத்தில் கசிந்த எல்.டி.எச். (லக்டேற்று டிஹைட்ரோஜினேஸ்) நொதியத்தைப் பார்ப்பார்கள். அது 140 கிலோடால்ற்றன் பருமன் கொண்டது. மென்சவ்வு கிழிந்த பிறகுதான் தாராளமாக வெளியேறும். புரொப்பிடியம் அயடைட்டுச் சாயம் சிறியது, துளை விழுந்ததுமே உள்ளே போய்க் கருவைச் சிவப்பாக்கும். ஆகவே கலம் சிவந்து எல்.டி.எச். ஏறாதிருந்தால் பரிசோதனை பிழையானதாக எண்ண வேண்டாம். துளை விழுந்து, கிழிவு இன்னும் வரவில்லை. ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலேயே எல்.டி.எச். இருப்பதால், வளர்ப்புத் தட்டில் கலமில்லாத குழி ஒன்றையும் அளந்து கழிக்க வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். முயல் முயற்சியாவதுபோல், சுழல் சுழற்சியாவதுபோல், அழல் அழற்சியானது. கிரேக்கர் 'பைர்' என்று தேடிய நெருப்பு நம் அழற்சிக்குள் முன்பே கனன்றுகொண்டிருக்கிறது. அழலோடு சாவு சேர்ந்தால் அழற்சாவு. ஒலியிலேயே அழற்சியின் உறவு தெரிகிறது. 'தீச்சாவு', 'எரிமரணம்' என்றெல்லாம் எழுதினால் தீக்காயப் பிரிவுதான் நினைவுக்கு வரும். சித்த மருத்துவம் அழல் என்பதைப் பித்தத்துக்கு வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். சாவோடு சேரும்போது அந்த மயக்கம் எழாது.

இறந்த கலத்தையெல்லாம் அழற்சாவுக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உதிர்வுற்ற கலம் அகற்றப்படாமல் கிடந்தாலும் பிந்திக் கிழிந்து எல்.டி.எச்.ஐக் கொட்டும். 53 கிலோடால்ற்றன் காஸ்டெர்மின் டி வெட்டுண்டு 31 கிலோடால்ற்றன் துண்டு, புரதங்களைப் பருமன்வாரியாகப் பிரிக்கும் சோதனையில் பட்டையாகத் தெரிந்தால் 'அழற்சாவு' என்க. தெரியாதவரை 'கலச்சாவு' போதும்.