ஊர்மாட்டின் உயரத்துக்குத் தொட்டி கட்டுங்கள்

தை, மாசியில் நெல் வெட்டு முடிந்ததும் தென்மராட்சி வயல்களிலிருந்தும் வன்னியிலிருந்தும் வைக்கோல் யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு வந்து இறங்கும். விலையும் ஏற்றுக்கூலியும் கொடுத்து இறக்கிய வைக்கோலில் நல்ல பங்கு மாட்டின் வயிற்றுக்குப் போகாமல் காலடியில் சாணியோடு கலந்துவிடுகிறது. கால்நடை வைத்தியராக நான் போகும் கொட்டில்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் பார்க்கிறேன். தொட்டி கட்டியது ஒரு மாட்டுக்கு, அதில் தின்பது வேறொரு மாடு.

ஜேர்சிக் கலப்பு மாட்டுக்கென்று சீமெந்துத் தொட்டி கட்டுவார்கள். பிறகு அதே தொட்டியில் இரண்டு ஊர்மாடுகளையும் சேர்த்துக் கட்டுவார்கள். எங்கள் ஊர்ப்பசு முன்தோளில் ஒரு மீற்றர் அளவுதான் வரும். நிறை 150, 200 கிலோ. பெரிய மாட்டுக்குத் தோதான சுவர் இதற்குத் தொண்டையில் இடிக்கும். எட்டித் தின்ன முடியாமல் ஒரு வாய் கவ்வி, பின்னால் இழுத்து, தலையை உதறி, பாதியைக் கீழே சிந்தும். உங்கள் மாட்டின் கழுத்துக்கு அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ரோமம் தேய்ந்து, தோல் தடித்துச் சொரசொரவென்று இருந்தால் சுவர் உயரம் கூடிவிட்டது. மேற்பக்கத்தில், திமிலுக்கு முன்னால் அப்படி இருந்தால் தொட்டிக்கு மேலே கட்டிய குறுக்குக் கட்டை தாழ்ந்திருக்கிறது.

மேயும் மாடு தலையைத் தாழ்த்தித்தான் தின்னும். அப்படித் தின்னும்போது உமிழ்நீர் கூடுதலாகச் சுரக்கும். காய்ந்த வைக்கோல் செமிக்க அது மிகவும் தேவை. அதனால் தொட்டியின் அடி, முன்கால் நிற்கும் தரையைவிட 4 முதல் 6 அங்குலம் உயர்ந்திருந்தால் போதும். மாடு நிற்கும் பக்கத்துச் சுவர் ஒன்றேகால் அடியைத் தாண்ட வேண்டாம். எதிர்ப்பக்கம் எவ்வளவு உயர்ந்தாலும் நல்லதுதான், வைக்கோல் அப்பால் சிந்தாது. கொம்புள்ள மாடு ஒன்றுக்கு 2 அடி நீளம் விடுங்கள். ஏற்கெனவே கட்டிய தொட்டியை இடிக்கத் தேவையில்லை. முன்சுவரில் ஒரு வரிக் கல்லை எடுத்து, விளிம்பை அழுத்தமாகப் பூசிவிட்டால் சரி.

தொட்டியே வேண்டாமென்று தலைக்கு மேலே கம்பிக்கூடை கட்டி வைக்கோல் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து ஊர்மாட்டுக்கு இதைச் செய்யாதீர்கள். அண்ணாந்து இழுக்கும்போது தூசியும் பதரும் கண்ணுக்குள் விழும். மாடு வெயிலில் ஒரு கண்ணை மூடியபடி நிற்கும், கண்ணீர் வடிந்த கோடு கன்னத்தில் காய்ந்திருக்கும். இமையை விலக்கிப் பார்த்தால் உள் இமையின் அடியில் ஒரு பதர்த் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றே எடுத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கவனிக்காமல் விட்டால் கருவிழி புண்ணாகி வெள்ளையாகப் பூ விழும்.

தொட்டியின் வடிவம் எவ்வளவு தீனியைக் காப்பாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. உள்ளே கூம்பு வைத்த வளையத் தொட்டியில் வீணானது 3.5 சதவீதம். சாய்ந்த கம்பிகளோடு தொட்டில்போல் இருந்ததில் 14.6 சதவீதம். அவை பெரிய மாடுகள், பெரிய உருளைக் கட்டுகள். அளவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் காரணம் இங்கும் பொருந்தும். தலையை உள்ளேயே வைத்துத் தின்னும்போது வாயிலிருந்து விழுவது தொட்டிக்குள்ளேயே விழும். பக்கத்து மாடு இடித்து, தலையை வெளியே எடுக்க வைக்கும்போதுதான் சிந்தும். அதனால் கலப்பு மாட்டையும் ஊர்மாட்டையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். சின்னது பயந்து பயந்துதான் தின்னும். மாடு தொட்டிக்குள் ஏறாமல் தடுக்க முன்சுவருக்கு மேலே ஒற்றைப் பனஞ்சலாகையைக் குறுக்கே கட்டினால் போதும். நெடுக்குக் கம்பிகள் வைத்தால் கொம்பு சிக்கும்.

செலவைக் குறைக்கப் பிளாஸ்டிக் பரலை நெடுக்காக அறுத்து வைப்பது நல்ல யோசனை. விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள், தண்ணீர் வடிய அடியில் துளை போடுங்கள். தோட்டத்துக்கு மருந்து கலந்த பரல் மட்டும் கூடவே கூடாது, எத்தனை தரம் கழுவினாலும். கம்பி வெளியே தெரியும் பழைய ரயரும் வேண்டாம். மாடு மென்று பார்க்காமல் விழுங்கும் பிராணி. விழுங்கிய கம்பித்துண்டு இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கு முன்னால்தான் இதயம் இருக்கிறது. குத்தி அங்கே போய்விட்டால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. இயந்திரத்தில் கட்டிய வைக்கோலின் நைலோன் கயிறும் அதே அளவு ஆபத்தானது. இரைப்பைக்குள் பந்தாகச் சுருண்டு தீனியை மறிக்கும். கட்டை அவிழ்த்ததும் கயிறு முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தொட்டியில் போடுங்கள்.

ஓர் ஊர்ப்பசுவுக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ வைக்கோல் கணக்கு. இரண்டு, மூன்று அங்குலமாக நறுக்கினால் தண்டை ஒதுக்கித் தள்ளாது. வெயில் காலத்தில் பெரும்பங்கை மாலையில் வையுங்கள், இரவுக் குளிரில்தான் நன்றாகத் தின்னும். வைக்கோலோடு நிறுத்திவிடாமல் சீமைக்கிளுவை, பூவரசு, இப்பிலிப்பில் குழையும் சேருங்கள். வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

காலையில் மிச்சத்தை வழித்தெடுத்து எருக்கும்பியில் போட்டுவிட்டே புதியதை வையுங்கள். கார்த்திகை மழையில் சாரல் அடித்து, ஒரு இரவு ஊறிய வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். கையில் அள்ளி மணந்து பாருங்கள். மக்கல் வாடை அடித்தால் பசுவுக்கும் வேண்டாம், கன்றுக்கும் வேண்டாம்.