டோரி: வசையாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர்

பிரிட்டன் தேர்தல் செய்திகளில் ‘பழமைவாதக் கட்சி’ என்று ஒரு பத்தியில் வரும். அடுத்த பத்தியில் ‘டோரிகள்’ என்று இருக்கும். இரண்டும் ஒரே கட்சிதான். கன்சர்வேட்டிவ் கட்சி.

டோரி ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல. துரத்துபவன், தேடிப் போகிறவன் என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் நிலம் பறிபோன ஐரிஷ்காரர்கள் சிலர் சதுப்பு நிலங்களில் பதுங்கி, ஆங்கிலக் குடியேறிகளைக் கொள்ளையடித்தார்கள். அவர்களுக்கு இருந்த பெயர் அது. 1679 முதல் 1681 வரை இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஒரே சண்டை: மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கராயிற்றே, அவர் அரியணை ஏறலாமா? வாரிசுரிமையில் கைவைக்கக் கூடாது என்றவர்களை எதிரணி ‘டோரி’ என்று ஏசியது. கத்தோலிக்க அயர்லாந்தின் வழிப்பறிக் கும்பல் என்று குத்தல். அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்துக் கலகக்காரர்களின் பெயரை எடுத்து ‘விக்’ என்று திருப்பி ஏசினார்கள். இரண்டு வசையும் அப்படியே நிலைத்துவிட்டன. பின்னாளில் அயர்லாந்தின் தன்னாட்சிக் கோரிக்கையை மூர்க்கமாக எதிர்த்த கட்சிக்கு ஐரிஷ் பட்டப்பெயர்! சொற்களுக்கும் குறும்பு உண்டு.

‘கன்சர்வேட்டிவ்’ அப்படி வந்ததல்ல, விரும்பிச் சூடிக்கொண்டது. டோரி என்பதைவிட இதுதான் பொருத்தம் என்று 1830இல் ஒரு காலாண்டிதழ்க் கட்டுரை சொன்னது. 1834இல் டோரிகளின் தலைவர் ராபர்ட் பீல் தம் டாம்வொர்த் தொகுதி வாக்காளர்களுக்கு ஓர் அறிக்கை விட்டார். அவர் கட்சி கடுமையாக எதிர்த்த 1832ஆம் ஆண்டு வாக்குரிமைச் சீர்திருத்தத்தை இனி மாற்றப்போவதில்லை. நிரூபணமான குறைகளைத் திருத்துவோம், நல்ல அமைப்புகளைக் காப்போம் என்பது அதன் சாரம். மாற்றமே கூடாது என்ற பேச்சு அதில் இல்லை.

லத்தீன் வேர்ச்சொல்லுக்கும் ‘காத்தல்’ என்றுதான் பொருள். ரயில் டிக்கெட் ரிசர்வேஷனில் இருப்பதும் அதே வேர்தான். பழமை எங்கிருந்து வந்தது? நாம் சேர்த்தது. தமிழில் ‘அவர் பழமைவாதி’ என்றால், மகள் காதலிக்கிறாள் என்று கேட்டதும் கதவைச் சாத்துகிற அப்பாதான் நினைவுக்கு வருவார். சொல்லிலேயே ஒரு கண்டனம் ஏறியிருக்கிறது. ஆனால் பிரிட்டனின் பெண் பிரதமர்கள் மூவரும், தாட்சர், தெரசா மே, லிஸ் டிரஸ், இந்தக் கட்சிக்காரர்கள். 2022இல் பிரதமரான ரிஷி சுனக்கும் அப்படியே. அரசு நிறுவனங்களை வரிசையாகத் தனியாருக்கு விற்ற தாட்சரைப் பழமைவாதி என்று எழுதினால் வாசகர் என்னவென்று புரிந்துகொள்வார்?

நம்மிடம் ‘பேணுதல்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. உடம்பைப் பேணுகிறோம், உறவைப் பேணுகிறோம். இருப்பதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது. கொள்கையைச் சொல்லும் இடத்தில் ‘மரபு பேணும் அரசியல்’ என்பேன். ‘பேணுவாதம்’ என்றும் சிலேட்டில் எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. கட்சியின் பெயர் வேறு விஷயம். அது இடுபெயர், லேபர் கட்சி என்று எழுதுகிற கை, கன்சர்வேட்டிவ் கட்சி என்றும் எழுதிவிட்டுப் போகலாம். டோரியை மொழிபெயர்க்கவே வேண்டாம், ‘வழிப்பறிக் கட்சி’ என்று தலைப்புப் போட எந்த ஆசிரியரும் துணிய மாட்டார்.