பொது விசாரணை அல்ல, கருத்துக் கேட்பு

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் எங்காவது, ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடும் டேட்டா சென்டருக்காக நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டு மனு போட்டால் போதும், அங்குள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்பு வந்துவிடும்: 'செவ்வாய்க்கிழமை மாலை கவுன்டியில் பொது விசாரணை, எல்லோரும் வாருங்கள்.' கவுன்டி என்பது அங்குள்ள உள்ளாட்சிப் பகுதி. பப்ளிக் ஹியரிங் என்பதைத்தான் 'பொது விசாரணை' என்று தமிழாக்குகிறார்கள். செய்திகளிலும் இதே சொல்தான் ஓடுகிறது. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இந்தச் சொல் தவறு. அதோடு, வர நினைப்பவரையும் வரவிடாமல் செய்கிற சொல்.

ஹியரிங் என்றால் காது கொடுத்துக் கேட்டல். அதிகாரம் உள்ளவர் முன்னால் ஒருவர் தன் தரப்பைச் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு என்று அதன் பொருள் விரிந்தது. விசாரணை வடமொழியிலிருந்து வந்தது. மூலப் பொருள் ஆராய்ந்து பார்த்தல். தமிழில் நலமும் விசாரிக்கிறோம், முகவரியும் விசாரிக்கிறோம். ஆனால் 'விசாரணை' என்று பெயர்ச்சொல்லாக நின்றதும் காவல் நிலையமும் கோர்ட்டும்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

கோர்ட்டில் நடக்கும் ஹியரிங்கை விசாரணை என்பது சரி. வழக்கு விசாரணைக்கு வந்தது என்றுதான் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிவருகிறோம். அங்கிருந்து அகராதிக்குப் போய், அகராதியிலிருந்து எல்லா ஹியரிங்கும் விசாரணை ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பவர் அகராதியைப் பார்த்த அளவுக்கு அந்த அறையைப் பார்க்கவில்லை.

அந்த அறையில் என்ன நடக்கிறது? பேச விரும்புகிறவர் முன்கூட்டியே பெயர் கொடுக்கிறார். பெயர் கூப்பிட்டதும் மைக் முன்னால் வந்து நிற்கிறார். வழக்கமாக மூன்று நிமிடம். பச்சை விளக்கு எரிகிறது, நேரம் முடியப்போகையில் மஞ்சள், முடிந்தால் சிவப்பு. வீட்டுக்குப் பின்னால் இரவு முழுக்கக் குளிர்விப்பான்களின் இரைச்சல் இருக்கும் என்கிறார் ஒருவர். உயரழுத்த மின்கம்பிகள் யார் நிலத்தின் மேல் போகும் என்கிறார் அடுத்தவர். எதிரே உட்கார்ந்திருக்கும், கவுன்டியை நிர்வகிக்கும் வாரியத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் பதில்கூடச் சொல்வதில்லை. கேட்பதுதான் அப்போது அவர்கள் வேலை.

விசாரணையில் அதிகாரி கேள்வி கேட்பார், வந்தவர் பதில் சொல்ல வேண்டும். இங்கே வந்தவர் சொல்வார், அதிகாரத்தில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும். திசையே தலைகீழ். விசாவில் இருக்கும் ஒரு நண்பர், அறிவிப்பைப் படித்துவிட்டு, 'விசாரணை என்றால் நமக்கு எதற்கு வம்பு' என்று ஒதுங்கிவிட்டார். பேசக் குடியுரிமை தேவையில்லை, அந்த ஊரில் குடியிருந்தால் போதும் என்று அப்புறம் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. நல்ல சொல்லாக இருந்திருந்தால் அந்த விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு கேடும் இருக்கிறது. உண்மையான பொது விசாரணை என்று ஒன்று வேறு உண்டு. இங்கிலாந்தில் சஃபோக் கவுன்டியின் சைஸ்வெல் பி அணுமின் நிலையத்துக்காக 1983 முதல் 1985 வரை 340 நாள் நடந்ததே, அது விசாரணை. சாட்சிகள் வந்தார்கள், குறுக்குக் கேள்வி கேட்டார்கள், விசாரித்தவர் அறிக்கை கொடுத்தார். பப்ளிக் இன்கொயரி என்கிற அதற்குத்தான் பொது விசாரணை கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்று நிமிடப் பேச்சுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால், சைஸ்வெல்லில் நடந்ததற்கு எந்தப் பெயரைக் கொடுப்பது?

சரியான சொல்லைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு பப்ளிக் ஹியரிங் நடத்துகிறதே, அதைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' என்றுதான் எழுதுகின்றன. ஊர்க்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். அங்கே கேட்பது ஓரிடம், முடிவெடுப்பது வேறிடம். வர்ஜீனியாவில் கேட்ட வாரியமே ஓட்டுப் போடுகிறது. நடைமுறை வேறானாலும் செயல் ஒன்றுதான்.

கேட்பு என்றால் கோருவதும் ஆகுமே, வங்கியில் கேட்பு வரைவோலை இல்லையா என்பார்கள். உண்மைதான். அதனால்தான் வெறும் 'பொதுக் கேட்பு' போதாது, 'கருத்து' முன்னால் நிற்க வேண்டும். கேள் என்பதற்குச் செவிகொடுத்தல் என்ற பொருள் பழையது. குறளில் கேள்வி அதிகாரம் முழுக்கக் காதால் பெறும் அறிவைப் பற்றித்தான். 'செவிமடுப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். தூய்மையான சொல்தான், ஆனால் எந்த ஊரிலும் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 'கருத்தறியும் கூட்டம்' என்றால் சர்வே எடுப்பது போல ஆகிவிடுகிறது.

கவுன்டியை மாவட்டம் என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். வர்ஜீனியாவில் கவுன்டிக்கு உள்ளேயே டிஸ்ட்ரிக்ட்கள் உண்டு. பிரின்ஸ் வில்லியம் கவுன்டி வாரியத்தின் எட்டுப் பேரில் ஏழு பேர் ஆளுக்கொரு டிஸ்ட்ரிக்டிலிருந்து வருகிறவர்கள். கவுன்டியை மாவட்டமாக்கிவிட்டு டிஸ்ட்ரிக்டை என்ன செய்வார்கள்?

சொல் ஒன்றுதானே, இதற்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் அதே பிரின்ஸ் வில்லியமைப் பார்க்கலாம். 1861-லும் 1862-லும் உள்நாட்டுப் போர் நடந்த மனாசஸ் போர்க்களத்தை ஒட்டி, 2,100 ஏக்கர் அளவில் டேட்டா சென்டர்களுக்கு நிலப் பயன்பாட்டை மாற்றும் திட்டம். 2023 டிசம்பர் 12-ஆம் தேதி தொடங்கிய கருத்துக் கேட்பு 24 மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. விடிய விடிய மக்கள் பேசினார்கள். ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று, ஒருவர் நடுநிலை என்று திட்டம் தேறியது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த ஒப்புதலைச் செல்லாது என்றது. கருத்துக் கேட்புக்கான விளம்பரத்தைச் சட்டம் சொன்ன முறைப்படி கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். கவுன்டி கொடுக்கும் விளம்பரத்துக்கே அத்தனை கறார் இருக்கிறது. அதைத் தமிழில் எடுத்துப் போடுகிறவர்களும் தேதி, இடம், பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றோடு 'கருத்துக் கேட்பு' என்றே போடட்டும். கீழே ஒரு வரியில், இன்னின்னார் பேசலாம் என்றும்.