போக் 54296, 15

பழைய கமடோர் 64 கணினியில் இந்த ஒரு வரியைத் தட்டினால் டிவி ஸ்பீக்கரில் ‘டப்’ என்று மெல்லிய சத்தம் வரும். வேறொன்றும் நடக்காது. அந்த ‘டப்’ இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

1982-இல் வந்த அந்தக் கணினியின் பேசிக் (BASIC) நிரல்மொழியில் இசைக்கென்று ஒரு கட்டளைகூடக் கிடையாது. ஒலிக்காக உள்ளே இருந்தது ‘சிட்’ என்ற சிப். பாப் யான்னஸ் வடிவமைத்தது. நினைவகத்தில் 54272-ஆம் முகவரியிலிருந்து அதற்கு 29 ரெஜிஸ்டர்கள், அதாவது எண் வைக்கும் சிறு அறைகள். அவற்றில் எண்ணைப் போடுவதுதான் ‘போக்’. போட்டுவிட்டால் சுரத்தை இழுத்துப் பிடிப்பது சிப்பின் பாடு.

440 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 440-ஐப் போட்டால் நடக்காது. சிப்புக்குள் 24 பிட் எண்ணி ஒன்று உண்டு. கடிகாரம் துடிக்கும்போதெல்லாம் நாம் கொடுத்த எண்ணை அது கூட்டிக்கொண்டே போகும்; 1,67,77,216-ஐ எட்டியதும் நிரம்பி வழிந்து கீழிருந்து தொடங்கும். ஒரு வழிதலுக்கு ஓர் அலை. ஐரோப்பிய மாடலின் கடிகாரம் நொடிக்கு 9,85,248 முறை துடிப்பதால், போடவேண்டிய எண் 7493. ஒரு ரெஜிஸ்டரில் 255-க்கு மேல் அடங்காதே! அதனால் 29, 69 என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும் (29 × 256 + 69). அமெரிக்க மாடலின் கடிகாரம் சற்று வேகம்; இதே எண்கள் அங்கே ஏறத்தாழ 457 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். சுருதி பிசகியது என்று பாடகரைத் திட்ட முடியாது.

மொத்தம் மூன்றே குரல்கள். மெட்டு, பேஸ், தாளம் என்று பங்கு போட்டால் கார்டு (chord, பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) வாசிக்க ஆளில்லை. அதனால் நொடிக்கு 50 முறை ஒரே குரலின் சுரத்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். காது அதைக் கார்டாகவே எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்து கேம் இசையின் கொப்பளிப்பு இதுதான்.

இப்போது அந்த ‘டப்’. 54296-இல் இருப்பது ஒலியளவு, 0 முதல் 15 வரை. முதல் வகை சிப்பான 6581-இல் ஒரு குறை: ஒலியளவை மாற்றினால் வெளிவரும் மின்னழுத்தமும் சட்டென்று நகரும். அதுதான் காதில் விழுந்தது. நொடிக்குச் சில ஆயிரம் முறை மாற்றினால்? டப்புகள் சேர்ந்து நிஜ டிரம்மாகும், பேச்சாகக்கூட ஆகும். புரோசஸருக்குத்தான் மூச்சுவிட நேரமிருக்காது. என் கணக்கில் சிட்டின் நான்காவது குரல் இதுவே.

பின்னால் வந்த 8580-இல் குறையைச் சரிசெய்தார்கள். பழைய கேம்களின் டிரம்மும் பேச்சும் கிட்டத்தட்டக் காதில் விழாமல் போயின. விடுவார்களா ரசிகர்கள்? ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) பற்றவைத்துக் குறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.