ஃபோர் வீல் விழவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு டீசல் பிக்கப் பொள்ளாச்சியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் சுவிட்சைத் திருப்பினால் அதன் லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கும், நிலைத்து எரியாது. சேற்றில் பின்சக்கரம் மட்டும் சுற்றும். டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) மோட்டார் போய்விட்டது என்று யாரோ சொல்லியிருந்ததால், டிரைவர் புது மோட்டார் வாங்கும் முடிவோடுதான் மலை இறங்கியிருந்தார்.

ஃபியூஸ் சரியாகத்தான் இருந்தது. அடுத்து நான் பார்ப்பது, இன்ஜின் இழுவை எதுவரை வந்து நிற்கிறது என்பதை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன் (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்). ஃபோர் வீல் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை அணைத்தபின் கேஸிலிருந்து முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. அப்படியென்றால் கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, மோட்டாரும் நல்ல மோட்டார்தான். ஷாஃப்ட் லேசாகச் சுற்றியிருந்தால்தான் அந்தப் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து ஒரு முன்சக்கரத்தைச் சுற்றினேன். சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் ஹப் லாக் ஆகியிருந்தால் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அது சும்மா நின்றது.

இந்த வண்டியில் ஹப்பை லாக் செய்வது வேக்கம், அதாவது பம்ப் காற்றை உறிஞ்சும் இழுப்பு. இன்ஜினை ஓடவிட்டு, பம்ப் பக்கம் ஹோஸைக் கழற்றி விரல் வைத்தால் நன்றாக இழுக்கிறது. அந்த இழுப்பை ஹப்புக்குத் திறந்துவிடும் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) முனையில் ஒன்றுமில்லை. இடையில், பேட்டரித் தட்டுக்குக் கீழே எலி கடித்திருந்தது. ஒரு முழம் ஹோஸ் மாற்றியதும் லைட் நிலைத்து எரிந்தது.

கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். "போன மழைக்குண்ணா" என்றார். மாதம் ஒருமுறையாவது மண் சாலையில் சிறிது தூரம் ஃபோர் வீலில் ஓட்டினால் ஷிஃப்ட் பாகங்கள் இறுகாது, இப்படிப்பட்ட கோளாறும் சேற்றில் மாட்டும் முன்பே தெரிந்துவிடும். காய்ந்த தார் சாலையில் மட்டும் வேண்டாம். திருப்பங்களில் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முடியாமல் ஷாஃப்டுகள் முறுக்கேறிக்கொள்ளும், அப்புறம் டூ வீலுக்கு மாறவே அடம்பிடிக்கும்.

இன்னொன்று. பல டீசல் வண்டிகளில் அதே வேக்கம் பம்ப்தான், பெடலை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்கும். ஹோஸ் கசிந்தால் அந்த உதவியும் குறையும். இதைச் சொன்னபிறகுதான் டிரைவர் வாய் திறந்தார்: ரெண்டு வாரமாகவே பிரேக் பெடல் கொஞ்சம் கல்லு மாதிரி இருந்ததாம். அந்தப் பெடலோடுதான் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருக்கிறார்.